பழைய பிக்கப் ஹீட் ஆகிறதா? எப்போது ஆகிறது என்று முதலில் கவனியுங்கள்

வண்டி ஹீட் ஆகிறது என்றதும் பெரும்பாலானவர்கள் கை முதலில் தெர்மோஸ்டாட்டுக்குத்தான் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு) போகும். அதை மாற்றியும் அடங்கவில்லை என்றால் வாட்டர் பம்ப், அதற்கும் அடங்கவில்லை என்றால் ரேடியேட்டர். மூன்றையும் மாற்றிவிட்டுப் பார்த்தால் ஃபேன் கிளட்ச் (சூடு ஏறினால் ஃபேனை இன்ஜினோடு பூட்டிச் சுற்ற வைக்கும் பாகம்) செத்துக் கிடக்கும். நல்ல பாகங்கள் மூன்று வீணாகிப் போனதோடு, இடையில் இரண்டு மூன்று முறை கொதித்ததில் ஹெட்டும் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) வளைந்திருக்கும். ஸ்பேனரைத் தொடும் முன் வண்டி எந்த நேரத்தில், எந்த வேகத்தில், எந்தச் சுமையில் ஹீட் ஆகிறது என்று கவனித்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்பது பாதி தெரிந்துவிடும்.

பழைய பிக்கப் என்று இங்கே சொல்வது, இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து, பெல்ட்டில் சுற்றும் பெரிய ஃபேன் வைத்து, கம்ப்யூட்டர் இல்லாமலோ பெயருக்கு ஒன்று இருந்தோ ஓடுகிற வண்டிகளை. பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் இதில் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். மாறுகிற இடங்களில் தனியாகச் சொல்கிறேன். இந்த வண்டிகளில் பெரிய சௌகரியம், கூலிங் சம்பந்தப்பட்ட எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும்.

இன்ஜினுக்குள் எரிகிற எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலண்டுக்குள், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீர்க் கலவைக்குள், இறங்குகிறது. அதைத் தண்ணீர் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து காற்று அதை வெளியே எடுத்துப்போக வேண்டும். ஆகவே தண்ணீர் ஓடவில்லை, காற்று ஓடவில்லை, அல்லது அளவுக்கு மீறிய வெப்பம் உண்டாகிறது, இந்த மூன்றுக்குள்தான் காரணம் இருக்கும்.

வேலையில் இறங்கும் முன் ஒரு எச்சரிக்கை. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே கூலண்ட் 100 டிகிரிக்கு மேல் இருந்தும் அழுத்தத்தால் கொதிக்காமல் நிற்கிறது. மூடி விலகியதும் அழுத்தம் இறங்கி, மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் தொளதொளவென்று இருக்கும் வரை காத்திருங்கள். அதன் பிறகும் தடித்த துணியைப் போர்த்தி, முதல் வெட்டு வரை மட்டும் திருப்பி, சீறல் முழுதாக அடங்கிய பின் கழற்றுங்கள்.

முள் சொல்வது உண்மையா

டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் சரியாகச் சொல்கிறதா என்பதைத்தான் பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டும். டெம்பரேச்சர் சென்சார் பெரும்பாலும் ஒற்றை வயர் வகை. சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும், முள் மேலே போகும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சாவியை ஆன் செய்து, சென்சாரிலிருந்து வயரைப் பிடுங்குங்கள். முள் அடிமட்டத்தில் நிற்க வேண்டும். வயரை இன்ஜின் பிளாக்கில் ஒரு நொடி தொட்டால் முழு ஹாட்டுக்குப் போக வேண்டும். வயரைப் பிடுங்கியும் முள் மேலேயே நின்றால், சென்சாருக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது.

ஹெட்லைட் போட்டதும் முள் ஏறி, அணைத்ததும் இறங்கினால் அது எர்த் கோளாறு. இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டுங்கள். டெம்பரேச்சர் முள்ளோடு ஃபியூயல் முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ரெகுலேட்டர் டேஷ்போர்டுக்குப் பின்னால் போயிருக்கிறது என்று அர்த்தம். சென்சார் மரையில் டேப்பைத் தடியாகச் சுற்றி மாட்டியிருந்தாலும் எர்த் சரியாகக் கிடைக்காமல் அளவு தப்பும்.

முள்ளை நம்பாமல் சூட்டை நேரடியாக அளக்க ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டின் மேல் குறி வையுங்கள். பளபளப்பான அலுமினியத்தில் இந்தக் கருவி உள்ளதைவிட மிகக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பின் மேல் அளந்தால் நம்பகமான எண் வரும். 88 டிகிரி தெர்மோஸ்டாட் வைத்த இன்ஜின் 88க்கும் 100க்கும் நடுவில் ஓடினால் அது ஹீட் ஆகவில்லை. முள் பாதியைத் தாண்டி நிற்கிறது என்பதற்காகப் பதற வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்துக் கோளாறும் உண்டு, அதுதான் ஆபத்தானது. கூலண்ட் குறைந்து சென்சாரின் நுனி தண்ணீரில் படாமல் நின்றால் முள் கீழே இறங்கும். வண்டி ஹீட் ஏறிக்கொண்டே வந்து திடீரென்று முள் குளிர்ந்த பக்கம் சரிந்தால், உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருவதும் அதே நிலையைத்தான் சொல்கிறது.

எப்போது ஹீட் ஆகிறது

நின்ற இடத்தில் ஐடிலிங்கிலும் நெரிசலிலும் ஏறுகிறது, வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது என்றால் காற்றுப் பக்கம் பாருங்கள். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேன் தேவைப்படாது. ஆகவே ஓட்டத்தில் சரியாகிவிடும் வண்டியில் ஃபேன், ஃபேன் கிளட்ச், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு) இவற்றின் மேல்தான் முதல் சந்தேகம்.

இதற்கு நேர்மாறாக, நகருக்குள் ஒழுங்காக ஓடி, நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் விட்டதும் மெல்ல ஏறினால், தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை. அடைத்த ரேடியேட்டர், உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தேய்ந்த பம்ப் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்), அரைகுறையாகத் திறக்கும் தெர்மோஸ்டாட் ஆகியவை இந்த வகை. ரேடியேட்டரின் முன்னால் சேறோ பூச்சியோ அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும், அதனால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமையோடு மேட்டில் ஏறும்போது மட்டும் ஏறினால் தீர்ப்பு அவ்வளவு எளிதில் வராது. ரேடியேட்டரின் திறன் பாதி போயிருந்தால் சமதளத்தில் தெரியாது, மேட்டில்தான் வெளுக்கும். ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) லேசாக விட ஆரம்பித்திருந்தாலும் சிலிண்டர் அழுத்தம் உச்சத்துக்குப் போகும் அந்த நேரத்தில்தான் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகும். இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி அடிக்கும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் இங்கேதான் தெரியும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐந்தாறு நிமிடத்திலேயே கொதித்தால், மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட், அல்லது ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று), அல்லது நன்றாகவே போய்விட்ட ஹெட் கேஸ்கெட். ஏதோ ஒரு வேலை பார்த்த மறுநாளே ஹீட் ஆனால் அந்த வேலையைத்தான் சந்தேகிக்க வேண்டும்: காற்று வெளியேறாமல் மூடியிருப்பார்கள், தெர்மோஸ்டாட்டைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள், பெல்ட்டை வேறு வழியில் சுற்றிப் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும்.

ஓடும்போது சரியாக இருந்து, அணைத்த சில நிமிடத்தில் ரிசர்வ் டேங்க் பொங்கி வழிந்தால் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். இன்ஜின் நின்றதும் பம்பும் நின்றுவிடும். ஹெட்டில் தேங்கிய சூடு அங்கேயே நிற்கும் தண்ணீரில் இறங்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் அந்த நேரத்தில் கொதித்துவிடும்.

காற்றுப் பக்கம்

விஸ்கஸ் ஃபேன் கிளட்சைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். நல்ல கிளட்ச் சூட்டில் கனமாக இழுக்கும், விட்ட இடத்திலேயே நிற்கும். இரண்டு மூன்று சுற்று தானாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் சிலிக்கான் எண்ணெய் போய்விட்டது. அது கசிந்த தடம் கிளட்சின் முகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். ஃபேன் இதழின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு பரவாயில்லை. கிளட்சே ஆடினால் பேரிங் போய்விட்டது, ஒருநாள் இதழ் ரேடியேட்டரைக் கிழிக்கும்.

கிளட்சின் முன்முகத்தில் சுருண்டிருக்கும் இரட்டை உலோகச் சுருள்தான் ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து கிளட்சைப் பூட்டுகிறது. அதன் மேல் எண்ணெயும் மண்ணும் கெட்டியாக அப்பியிருந்தால் உணர்வதற்குத் தாமதமாகும். பிரஷ்ஷால் சுத்தம் செய்தாலே சில வண்டிகளில் வித்தியாசம் தெரியும்.

எலக்ட்ரிக் ஃபேன் இருந்தால் அதன் பிளக்கைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயர் மூலம் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு ரிலேயிலோ தெர்மல் ஸ்விட்ச்சிலோ இருக்கிறது. சுற்றும் திசையையும் பாருங்கள். ஒரு காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தள்ளிவிட்டால் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருக்கிறது.

ஷ்ரவுட் என்கிற ஃபேன் கூட்டைப் பல பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்கள், பெல்ட் மாற்ற இடைஞ்சல் என்று. அது வெறும் பாதுகாப்பு மறைப்பு கிடையாது. அது இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், தன் விளிம்பைச் சுற்றியே இன்ஜின் அறையின் சூடான காற்றை மறுபடி மறுபடி சுழற்றும். ஃபேன் இதழின் அகலத்தில் சுமார் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருப்பது சரியான நிலை. ரேடியேட்டருக்கு மேலேயும் பக்கத்திலும் இருந்த ரப்பர் பட்டைகள் காணாமல் போயிருந்தால் அவற்றையும் போடுங்கள். காற்று எப்போதும் எளிதான சந்து வழியாகத்தான் போகும்.

ஏசி இருக்கும் வண்டியில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாக இருக்கும், நடுவில் தூசியும் இலைச் சருகும் கம்பளியாகப் படிந்திருக்கும். மேல் போல்ட்டுகளைக் கழற்றி ரேடியேட்டரைச் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெதுவான தண்ணீரால் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் ஃபின்கள் (குழாய்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தகடுகள்) மடங்கி, சுத்தம் செய்ததற்கு முன்பைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டருக்கு முன்னால் கூடுதலாகப் பொருத்திய பெரிய விளக்குகளும் காற்றை மறைக்கின்றன, அவற்றையும் கணக்கில் எடுங்கள்.

மூடி, ஹோஸ், பெல்ட்

ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்துக்கும் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்கு மேல் உயர்கிறது. பாதிக்குப் பாதி கிளைக்கால் (கூலண்டின் முக்கியத் திரவம்) கலந்த கூலண்ட் திறந்த நிலையில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ மூடியின் கீழ் 129 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்த 20 சொச்சம் டிகிரி பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். மூடியில் எழுதியிருக்கும் எண் உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று பாருங்கள். அதிக அழுத்த மூடி போட்டால் நல்லது என்று நினைத்துப் போடுவது பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றையோ ஹீட்டர் கோரையோ (ஹீட்டருக்குள் சூடான கூலண்ட் ஓடும் பாகம்) உடைக்கும்.

மூடியின் நடுவில் ஒரு சின்ன வால்வு உண்டு. இன்ஜின் குளிரும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலண்டைத் திரும்ப இழுக்க அது திறக்க வேண்டும். அது சிக்கினால் காலையில் மேல் ஹோஸ் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். டேங்குக்குப் போகும் சிறு ட்யூபில் விரிசல் இருந்தாலோ அது பொருந்தும் இடம் தளர்ந்திருந்தாலோ கூலண்டுக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வரும். டேங்கை மட்டும் பார்த்து அளவு சரி என்று முடிவுசெய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து, ரேடியேட்டர் கழுத்து வரை தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். அது நசுங்காமலிருக்கப் பல வண்டிகளில் உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அது துருப்பிடித்துக் கரைந்து போனாலோ, புது ஹோஸ் மாட்டும்போது எடுத்து எறிந்துவிட்டாலோ, அதிக வேகத்தில் ஹோஸ் உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஐடிலிங்கில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருவரை உட்காரவைத்து 2500 ஆர்பிஎம்முக்கு மேல் கொடுக்கச் சொல்லி, கீழ் ஹோஸைக் கண்ணால் பாருங்கள், கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாமல். வெளியே நன்றாக இருந்து, உட்படலம் உரிந்து நாக்கு போலத் தொங்கி வழியை அடைக்கும் ஹோஸ்களும் உண்டு. பத்து வருடம் தாண்டிய ஹோஸைச் சோதிப்பதைவிட மாற்றுவதே மேல்.

வி பெல்ட் புல்லியின் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் இழுக்கிறது. தேய்ந்த பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் அதுதான் நடக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு இடையே பெல்ட் நீளமாகப் போகும் பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இறங்குவது பொதுவான கணக்கு. அதிகமாக இறுக்கினால் பம்ப் பேரிங் போகும்.

தெர்மோஸ்டாட்: கழற்றி எறியாதீர்கள்

வண்டியிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டரால் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை அந்த இடம் பெரிதாகச் சூடாகக் கூடாது. திறந்ததும் ஒரே பாய்ச்சலில் ஏறும். இன்ஜின் பக்கம் 95ஐத் தாண்டியும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் திறக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே இரண்டும் சேர்ந்து ஏறினால் திறந்தபடி சிக்கியிருக்கிறது.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது அதைவிட உறுதி. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு மெதுவாகச் சூடாக்குங்கள். உடலில் பொறித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு டிகிரி முன்பின்னாகத் திறக்க ஆரம்பித்து, அதற்குமேல் 10, 12 டிகிரியில் முழுதாகத் திறக்க வேண்டும். முழுத்திறப்பு பொதுவாக 8 மில்லிமீட்டராவது இருக்கும். 3 மில்லிமீட்டரில் நின்றுவிடும் தெர்மோஸ்டாட்தான் ஆளைக் குழப்பும். அது நகருக்குள் வேலை செய்யும், நெடுஞ்சாலையில் கைவிடும்.

மாட்டும்போது ஸ்பிரிங்கும் மெழுகுக் குமிழும் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். விளிம்பில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேலே, மணி பன்னிரண்டு இருக்கும் இடத்தில் வர வேண்டும். காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டுங்கள் என்று சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் நேராகப் பம்புக்குத் திரும்பிவிடும். சுமை ஏறும்போது இப்படிப்பட்ட இன்ஜின் தெர்மோஸ்டாட் இல்லாமல் முன்பைவிட அதிகமாக ஹீட் ஆகும். பைபாஸ் இல்லாத இன்ஜினில் வேறு கேடு: சாதாரண ஓட்டத்தில் வேண்டிய சூட்டையே எட்டாமல் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் ஆவியாகாமல் சேறு கட்டும், சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

தண்ணீர் வேகமாக ஓடினால் குளிர நேரம் கிடைக்காது என்றொரு விளக்கமும் சொல்வார்கள். அது தவறு. மூடிய சுற்றில் ஓடும் தண்ணீர் வேகமாகப் போனால் அடிக்கடி திரும்பி வரும், ரேடியேட்டர் முழுவதும் சீராகச் சூடாக இருக்கும், வெளியேறும் வெப்பம் கூடுமே தவிரக் குறையாது.

பம்பும் ரேடியேட்டரும்

பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் கூலண்ட் வடிந்தாலோ, காய்ந்த உப்புத் தடம் இருந்தாலோ சீல் போய்விட்டது. பெல்ட்டைத் தளர்த்திப் புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. கசியாமலே வேலை செய்யாத பம்பும் உண்டு: துரு தின்று இம்பெல்லரின் இறக்கைகள் சிறுத்திருக்கும், அல்லது இம்பெல்லர் தண்டிலிருந்து நழுவியிருக்கும். பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டிகளில் இது சாதாரணம்.

ரேடியேட்டரைக் கழற்றாமலே படித்துவிடலாம். இன்ஜின் முழுச் சூட்டில், தெர்மோஸ்டாட் திறந்த நிலையில், ரேடியேட்டரின் முகத்தைத் தெர்மாமீட்டரால் கையளவு இடைவெளியில் கட்டம் கட்டமாக அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை எண்கள் படிப்படியாக இறங்க வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரென்று 15, 20 டிகிரி குறைந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. பிறகு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டின் எண்ணையும் ஒப்பிடுங்கள். வண்டி ஹீட் ஆகும் நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் தண்ணீர் மந்தமாக ஓடுகிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாகக் கொதித்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை எடுக்கவில்லை. இந்த ஒரு ஒப்பீடு பல பாகங்களை வீணாக மாற்றுவதைத் தவிர்க்கும்.

ஃபின்களை விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால், குழாயோடு இருந்த பிடிப்பு போய்விட்டது. அப்படிப்பட்ட ரேடியேட்டர் ஒழுகாது, அடைக்காது, ஆனால் சூட்டையும் விடாது. பித்தளை ரேடியேட்டராக இருந்தால் டேங்கைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம், கோர் மாற்றலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டராக இருந்தால் பெரும்பாலும் புதிது போடுவதைத் தவிர வழியில்லை. ஒழுகலை அடைக்கும் பொடியைப் போட்டு வந்தவர்கள் முதலில் இழப்பது ஹீட்டர் கோரை, அடுத்தது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை.

ஹெட் கேஸ்கெட்

இதைப் பற்றி வதந்தி அதிகம், ஆகவே நிதானமாகப் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் வெளிர் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் நுரை இருப்பது மட்டுமே கேஸ்கெட் போனதற்கு ஆதாரமாகாது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் குளிர்ந்தும் அப்படிச் சேரும். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அதே நிறம் இருந்து, ஆயில் அளவு ஏறியிருந்தால்தான் கவலை. மறுபக்கம், கேஸ்கெட் சிலிண்டரிலிருந்து கூலண்டுக்கு மட்டும் விட்டால் ஆயில் கண்ணாடி போலச் சுத்தமாகவே இருக்கும்.

நம்பத் தகுந்த அறிகுறி இது: இரவு முழுக்கக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது. சூடு இல்லாமல் வரும் அழுத்தம் சிலிண்டரிலிருந்துதான் வர முடியும். குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் கழுத்தில் குமிழிகள் நிற்காமல் வரும். முதல் சில நிமிடம் வரும் குமிழிகள் ஏர் லாக்காகவும் இருக்கலாம். நின்றுவிட்டால் நல்லது, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் கேஸ்கெட்.

உறுதிப்படுத்த நீல நிறத் திரவம் வைத்த சோதனைக் குழாய் கிடைக்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் வைத்து ஆவியை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்ஸைடு பட்டு நீலம் மஞ்சளாகும். கூலண்ட் திரவத்துக்குள் ஏறாதபடி கழுத்திலிருந்து சிறிது எடுத்துவிட்டுச் செய்யுங்கள். டீசலுக்கு அதற்கென உள்ள திரவம் வேண்டும். ஐடிலிங்கில் டீசல் புகையில் கார்பன் டை ஆக்ஸைடு குறைவு, அதனால் இன்ஜினுக்குச் சுமை கொடுத்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

பிரஷர் டெஸ்டர் (ரேடியேட்டர் கழுத்தில் மாட்டி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கருவி) இருந்தால் மூடியில் எழுதிய அழுத்தம் வரை மட்டும் ஏற்றி, 15 நிமிடம் விடுங்கள். டெஸ்டரின் முள் இறங்கி, வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை, ஹீட்டர் கோர் பக்கம் தரைவிரிப்பும் ஈரமில்லை என்றால் உள்ளேதான் போகிறது. பெட்ரோல் இன்ஜினில் அதே அழுத்தத்தில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஸ்டார்ட்டரைச் சற்றே சுற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீறிடுகிறதோ அந்த சிலிண்டர். மற்றவற்றில் கரி படிந்து, ஒரே ஒரு பிளக் மட்டும் கழுவிவைத்தாற்போல இருந்தாலும் அதே சிலிண்டரைத்தான் காட்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும் சந்தேகம் இருந்தால் பிளக்கைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கும்போது பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைவாகக் காட்டினால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது.

ஹெட்டைக் கழற்றியபின் புதுக் கேஸ்கெட்டை வைத்து மூடிவிடாதீர்கள். நேர்கோட்டுப் பட்டையை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். எல்லை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 0.1 மில்லிமீட்டர் நுழைந்தாலே லேத்தில் முகம் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். வால்வுகளுக்கு நடுவில் விரிசல் இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கூலிங்குக்கு வெளியே

கார்புரேட்டர் வண்டியில் இக்னிஷன் டைமிங் பின்தங்கினால் எரிதல் தாமதமாகி, சூடு எக்ஸாஸ்ட் வழியிலும் ஹெட்டிலும் தேங்கும். டைமிங் லைட்டால் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்பதற்கு, அதன் ட்யூபில் வாக்குவம் கொடுத்து அடைத்தால் பிடித்து நிற்க வேண்டும். பெட்ரோல் குறைந்த கலவை, பாதி அடைத்த சைலன்சர் அல்லது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், விடாமல் பிடிக்கும் பிரேக் ஆகியவையும் சூட்டை ஏற்றும். ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கர டிரம்களையும் அளந்தால் எது பிடிக்கிறது என்று தெரியும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கியர் ஆயில் ரேடியேட்டருக்குள்ளேயே குளிர்கிறது. கியர் ஆயில் இளஞ்சிவப்பு நுரையாக மாறியிருந்தால் அந்தக் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது, அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

வழியில் கொதித்துவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்கும் ப்ளோயரை முழு வேகத்துக்கும் வையுங்கள். ஹீட்டர் கோரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். இறங்கவில்லை என்றால் ஓரங்கட்டி அணைத்து அரைமணி நேரமாவது விடுங்கள். கொதிக்கும் இன்ஜின் மேலும் உள்ளேயும் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

கூலண்ட் ஊற்றும்போது

வேலை முடிந்ததும் பாதிப்பேர் அவசரப்படுவது இங்கேதான். முதலில் பழையதை முழுதாக வடியுங்கள். ரேடியேட்டரின் அடிக்குழாய் மட்டும் போதாது, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் பிளக்கையும் திறக்க வேண்டும். அங்கிருந்து எதுவும் வரவில்லை என்றால் துருச்சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்தினால் பழுப்புக் குழம்பாக இறங்கும். பின் சிலிண்டரைச் சுற்றி அந்தச் சேறு தேங்கித்தான் பல பழைய இன்ஜின்களில் கடைசி சிலிண்டர் மட்டும் தீய்கிறது. தெர்மோஸ்டாட்டைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், வெளியேறும் தண்ணீர் தெளிவாகும் வரை கழுவுங்கள். வடித்த கூலண்டைத் தரையில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், குழந்தைக்கும் நாய்க்கும் உயிரைக் குடிக்கும் விஷம்.

கலவைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். குழாய்த் தண்ணீரின் உப்பு சூடான இடங்களில் ஓடாகப் படியும். கலவையில் கிளைக்கால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும், 60 சதவீதத்தைத் தாண்டாமலும் இருக்கட்டும். கிளைக்கால் கூடக்கூட வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறைகிறது. உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாமல் வேறு வகையைக் கலக்காதீர்கள், சில சேர்க்கைகள் கூழாகிவிடும்.

முன்சக்கரங்களை மேடான இடத்தில் ஏற்றி, ரேடியேட்டர் கழுத்தே மிக உயரமான இடமாக இருக்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் கூட்டில் காற்று வெளியேற்றும் ஸ்க்ரூ இருந்தால் அதையும் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே மேல் ஹோஸை அமுக்கி விடுங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று லிட்டர் கணக்கில் குறித்துக்கொண்டு, மேனுவலில் சொன்ன மொத்தக் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். இரண்டு லிட்டர் குறைவாக ஏற்றுக்கொண்டால் அந்த இரண்டு லிட்டர் காற்று உள்ளே இருக்கிறது. மூடாமல் ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் நிரப்பி, ஹீட்டரில் சூடான காற்று வருவதைப் பார்த்தபின் மூடுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு இரவு முழுக்கக் குளிரவிட்டு, காலையில் ரேடியேட்டர் கழுத்தில் மட்டத்தைப் பாருங்கள். இறங்கியிருந்தால் நிரப்பி, மறுநாளும் பாருங்கள். மூன்றாவது காலையும் இறங்கினால் பிரஷர் டெஸ்டரை மறுபடி எடுங்கள்.